பார்சல் அறையின் உள்தாழ்ப்பாள்

ரயில் நிலையத்துக்கு வருகிறவர்களை முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவாள் விசாரணையக்கா. ஏற வந்தவர், ஏற்றிவிட வந்தவர், இறங்கியதும் வீட்டுக்கு ஓடுகிறவர். ஒரே விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து பழகிய கண் அது. இந்த மூன்றிலும் அடங்காத ஓர் ஆள் மூன்றாவது நாளாகப் பிளாட்பாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நிலையம் ஒன்றும் பெரியதல்ல. இரண்டு பிளாட்பாரம், நடுவே ஒரு நடைபாலம், இரண்டு டிக்கெட் ஜன்னல். அதில் ஒன்று எப்போதும் மூடியே கிடக்கும். ஒரு காலத்தில் நாளுக்கு எட்டுப் பயணிகள் வண்டி ஓடியது. எட்டு ஆறாகி, ஆறு நான்காகி நிற்கிறது. காலை ஏழு பத்துக்கு ஜங்ஷனிலிருந்து ஒன்று வரும். பத்து நாற்பதுக்கு ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஒன்று. மதியம் இரண்டு இருபதுக்கு ஜங்ஷனுக்கு ஒன்று புறப்படும். மாலை ஆறு ஐந்துக்குக் கடைசி வண்டி பாலம் தாண்டித் திரும்பும். இவற்றை ஜன்னலில் கேட்பவர்களுக்குச் சொல்வதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவள் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். கடையில் போய் ஒரு சோப்புக் கேட்டால்கூடக் கடைக்காரர் திரும்பிப் பார்த்து, இன்றைக்கு வண்டி லேட்டா என்பார்.

அந்த ஆள் பத்து நாற்பதில் வந்து இறங்குவார். ஐம்பது தாண்டிய வயது, சாம்பல் நிறச் சட்டை, தோளில் ஒரு கான்வாஸ் பை, காதில் பென்சில். இறங்கினவர் ஊருக்குள் போக வேண்டும் அல்லவா? போகமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதுவார். எழுந்து போய்ச் சுவரைப் பார்ப்பார். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, பார்சல் அறைக் கதவை மேலும் கீழும் அளப்பார். ஒருமுறை நகத்தால் கதவின் பெயின்ட்டைச் சுரண்டியதை அவளே பார்த்தாள். பிளாட்பார டீக்கடைக்காரர் அவருக்கு டேப்புக்காரர் என்று பெயரே வைத்துவிட்டார்.

பயப்படக் காரணம் இருந்தது. போன வருஷம் பக்கத்து ஸ்டேஷனில் இரண்டு பேர் ஒரு வாரம் மரத்தடியில் உட்கார்ந்து, ஏறுகிறவர் இறங்குகிறவரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். யார் என்று கேட்டதற்குச் சும்மா வந்தோம் என்றார்களாம். மூன்றே மாதத்தில் அங்கே வண்டி நிற்பது நின்றுபோனது. இப்போது அந்தக் கட்டடத்தில் ஆடு படுத்திருக்கிறது. அங்கே விசாரணை ஜன்னலில் இருந்தவளை எங்கேயோ சரக்கு ஏற்றும் குட்ஷெட்டுக்குத் தூக்கியடித்துவிட்டார்கள்.

நாலாம் நாள் டேப்புக்காரர் நுழைவாயிலில் மாட்டியிருந்த வரலாற்றுப் பலகையின் முன் நின்று அதை வரி விடாமல் நகல் எடுத்தார். அந்தப் பலகையை எழுதியவளே அவள்தான். நிலையத்துக்கு நூறு வயது ஆனபோது, பழைய பதிவேடுகளையெல்லாம் தூசி தட்டி எடுத்து, இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினாள். மலையிலிருந்து கல் ஏற்றிப்போகத்தான் முதலில் தண்டவாளம் போட்டார்கள். ஒன்பது வருஷம் பயணிகளுக்கு இடமே இல்லை. போகவேண்டியவர்கள் வண்டி கார்டைக் கெஞ்சிக் கல்லோடு கல்லாக உட்கார்ந்து போனார்கள். பிறகு ஒரு பெட்டி சேர்த்தார்கள், தகரக் கொட்டகை போட்டார்கள், ஓட்டுக் கூரைக் கட்டடம் வந்தது, நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது, இரண்டாம் பிளாட்பாரம், பெண்கள் தங்கும் அறை, நடைபாலம். இவ்வளவையும் பலகையில் இருந்த பன்னிரண்டு வரிக்குள் அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

நகல் எடுத்து முடித்தவர் ஒரு வரியின் கீழே அழுத்திக் கோடு போட்டார். நேராக அவள் ஜன்னலுக்கு வந்தார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சாயங்கால வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். பார்சல் அறை அப்போதும் இதே இடத்தில்தான் இருந்ததா என்று கேட்டார். பிறகு சற்றுத் தயங்கி, "பொம்பளைங்க தங்குற ரூம் எப்ப திறந்தாங்கன்னு பலகையில போட்டிருக்கே, அதுக்கு முன்னாடி எங்கயாவது அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்றார்.

அவள் பின்னாலிருந்த அலமாரியில்தான் அந்த வருஷத்து ஸ்டேஷன் நாட்குறிப்பு இருந்தது. சாவி மேஜை இழுப்பறையில். ஆனாலும் அவள் முகத்தை இறுக்கிக்கொண்டு, "பழைய விவரமெல்லாம் இங்க இல்ல," என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வேறு வழியில் தெரிந்துகொள்கிறேன் என்கிற மாதிரி இருந்தது அந்தத் தலையாட்டல், அவளுக்கு.

வீட்டில் இன்னொரு செய்தி காத்திருந்தது. அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். பாலம் தாண்டிப் போகிற ஒரு மணி வண்டி அவருடையது. ரயிலில் ஆள் குறைந்தால் பேருந்தில் கூடும் என்பதால் வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி என்று அவள் அவரைச் சொல்வது வழக்கம். அவள் அடையாளம் சொன்னதும் அவர், அந்த ஆள் நாலு நாளாக என் வண்டியில்தானே திரும்பிப் போகிறார், ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டே வருகிறார் என்றார். ரயிலில் வந்து பேருந்தில் போகிற ஆள். இரண்டிலும் கூட்டத்தை எண்ணி ஒப்பிடத்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனாள். அவர் அவளைவிட வயதில் இளையவர், மாற்றலாகி வந்து இரண்டு வருஷம்தான். எதிலும் மாட்டிக்கொள்ளாமல் காலத்தை ஓட்ட நினைப்பவர். தனக்கு மேலிடத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை என்றார். தகவல் சொல்லிவிட்டா எண்ண வருவார்கள் என்றாள் அவள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார். எண்ணுகிறானா, எண்ணட்டும், எண்ணிக் கை வலிக்கட்டும் என்று தன் மனைவியின் அக்கா தங்கைகள், அவர்கள் வீட்டுக்காரர்கள், மாமனார் என்று பதினோரு பேரைத் திரட்டிக் காலிப் பெட்டிகளோடு பிளாட்பாரத்தில் உட்கார வைத்தார். அவளும் தன் பங்குக்கு அறிவிப்பை நீட்டி முழக்கினாள். டேப்புக்காரர் அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்சல் அறைக் கதவடியில் மண்டிபோட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு அவர் போய்விட்ட பிறகும் எழுந்து போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு இருபது வந்து நின்றதும், பழக்க தோஷத்தில் மாமனாரும் ஒரு சகலையும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை அடுத்த ஸ்டேஷனிலிருந்து மீட்டு வருவதற்குள் டீக்கடைக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆறாம் நாள் ரயில்வே போலீஸ்காரரிடம் அவளே சொன்னாள். ஓர் ஆள் கதவைக் குடைகிறார், பார்சல் அறையில் கண் வைத்திருக்கிறார் என்றாள். எண்ண வந்தவர் என்று சொன்னால் போலீஸ்காரர் அசையமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். போலீஸ்காரர் போய், பத்து நாற்பதில் வந்த அத்தனை பேரும் பார்க்க, அவரை நிறுத்திப் பையைத் தரையில் கொட்டச் சொன்னார். அளவு டேப், மடக்கு ஸ்கேல், பென்சில்கள், சாப்பாட்டு டப்பா, நோட்டு. சாப்பாட்டு டப்பாவையும் திறந்து காட்டச் சொன்னபோது அந்த மனிதரின் கழுத்து வரை சிவந்துபோனதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் இருந்ததால் ஆளையும் நோட்டையும் விசாரணை அறைக்கே கொண்டுவந்து விட்டார்கள். அவள் நோட்டைப் பிரித்தாள். ஒரு பக்கத்திலும் தலை எண்ணிக்கை இல்லை. எல்லாம் படம். பார்சல் அறைக் கதவு, அதன் நிலை, ஜன்னல், ஜன்னல் வழியே தெரியும் பழைய தண்ணீர்த் தொட்டி. முதல் பக்கத்தில் நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். தான் கதவு ஜன்னல் செய்கிறவர், பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டறை. அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது, உடம்பு சரியில்லாத தன் அக்காளைப் பார்க்க அவர் அம்மா ஜங்ஷனுக்குப் போனாள். திரும்பும்போது இந்த ஸ்டேஷனில் இறங்கிச் சாயங்கால வண்டிக்கு மாற வேண்டும். அன்றைக்கு வரவில்லை. மறுநாள் மதியம்தான் வந்தாள். மழை, வண்டி போகவில்லை, பெண்களையெல்லாம் ஓர் அறையில் தங்க வைத்தார்கள் என்றாள். பச்சைக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள், ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி என்று அடையாளமும் சொன்னாள். அப்பா நம்பவில்லை. ஒரு மாதம் கழித்து ஒருவருக்கும் சொல்லாமல் இங்கே வந்து ஜன்னலில் கேட்டார். இங்கே பெண்கள் தங்கும் அறையே கிடையாது என்று பதில் வந்தது.

"அதோட முடிஞ்சுபோச்சு," என்றார் தச்சர். "அடிக்கல, விரட்டல. ஆனா அதுக்கப்புறம் அம்மாவ தனியா ஒரு வண்டி ஏற விடல. போன வருஷம் அப்பா சாகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி என்னைக் கூப்பிட்டு, அப்படி ஒரு ரூமே அங்க கிடையாதுடா, நான் போய்ப் பாத்தேன்னு சொன்னார்."

பலகையைப் படித்தபோது அப்பா சொன்னதுதான் சரி என்று பட்டதாம். பெண்கள் அறை திறந்தது அந்தத் தேதிக்கு மூன்று வருஷம் கழித்து. அதன் ஜன்னலும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஆனால் பார்சல் அறைக் கதவில் பழுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் பச்சை இருந்தது. பார்சல் எடுக்கத் திறந்தபோது பார்த்தால், உள்பக்கம் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த நாலு திருகு ஓட்டை, தரையில் தாழ்ப்பாள் இறங்குகிற குழி.

"சாமான் வைக்கிற ரூமுக்கு வெளிப்பூட்டு போதும் மேடம். உள்தாழ்ப்பாள் எதுக்கு?"

அவள் நோட்டை மூடிக் கொடுத்தாள். சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். மறுநாள் பத்து நாற்பதில் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சந்தேகம் அவ்வளவு லேசில் விடுகிற சமாச்சாரமா? எண்ண வந்தவன் மாட்டிக்கொண்டால் இப்படி ஒரு கதை சொல்லமாட்டானா என்று அன்றைக்கு வீட்டில் அவள் கணவரிடம் வாதாடினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "வேலைக்காக ஒருத்தன் ஆயிரம் பொய் சொல்லுவான். பெத்தவ பேரை நடுப் பிளாட்பாரத்துல இழுப்பானா?" என்றார். அது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. ஆனால் அலமாரியைத் திறந்து பார்க்க இரண்டு நாள் பிடித்தது. திறந்தால் தன் மேல் தப்பு வரும் என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் சாவியை எடுத்தாள். நாட்குறிப்பின் பைண்டிங் கையோடு வந்தது. அந்தத் தேதியில், சாய்ந்த கையெழுத்தில், அன்றைய ஸ்டேஷன் மாஸ்டர் எழுதியிருந்தார். பாலத்தின் மேல் தண்ணீர் போவதால் மாலை வண்டி ரத்து. காத்திருந்த பயணிகள் முப்பத்தொன்று. கூடத்துக் கூரையில் ஓடு மாற்றும் வேலை நடப்பதால் உள்ளே ஒழுகுகிறது. பார்சல்களை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றி, பெண்கள் ஏழு பேரைப் பார்சல் அறையில் தங்க வைத்தோம். அவர்கள் கேட்டபடி உள்தாழ்ப்பாள் பொருத்தப்பட்டது. குளிருக்கு ஏழு சாக்கு கொடுத்தது. காலையில் ஆறு சாக்குதான் திரும்பி வந்தது. மறுநாள் குறிப்பில், பார்சல்கள் பழையபடி உள்ளே வைக்கப்பட்டன என்று ஒரே வரி.

ஒரே ஒரு ராத்திரி மட்டும் இருந்த அறை. ஒரு மாதம் கழித்து வந்து கேட்டவரிடம், கிடையாது என்று ஜன்னலில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்ட நாளுக்கு அது சரியான பதில்தான். பலகை எழுதப் பதிவேடுகளைப் புரட்டியபோது இந்தப் பக்கத்தையும் அவள் கடந்துதான் போயிருக்க வேண்டும். கூரை மாற்றிய வருஷத்தைக் குறித்துக்கொண்டு, சாக்கையும் தாழ்ப்பாளையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பன்னிரண்டு வரியில் இதற்கு எங்கே இடம்? ஆனால் அவர் நேரில் வந்து கேட்டபோது இடம் இருந்தது. நேரமும் இருந்தது. அதை நினைத்ததும் அவளுக்கு முகம் காந்தியது.

பதிவேட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது. பெண்களைத் தங்க வைத்ததையும் தாழ்ப்பாள் போட்டதையும் தன் கையால் நகல் எழுதி, ஸ்டேஷன் மாஸ்டரிடம் முத்திரை வாங்கினாள். அவர் எதற்கு என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் எனக்குத் தெரிய வேண்டாம் என்று முத்திரையைக் குத்திவிட்டார். விடுப்பு நாளில் கணவர் ஓட்டுகிற ஒரு மணி வண்டியில் ஏறினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பகலில் ரயில் இல்லை. "விசாரணையக்காவே பஸ்ல வந்தாச்சு, இனி எதிர்க்கட்சி ஆட்சிதான்," என்று அவர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தச்சர் எங்கே இறங்குவார் என்று அவருக்குத் தெரியும். பட்டறை வாசலிலேயே நிறுத்தினார்.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு. நடுவில் ஒரு திரை. மரத்தூள் வாசனையும் இழைப்பு இயந்திரத்தின் சத்தமும். அவளைப் பார்த்ததும் தச்சர் இயந்திரத்தை நிறுத்தினார். வாருங்கள் என்று சொல்லவில்லை. இன்னும் என்ன கொட்டிக் காட்ட வேண்டும் என்று கேட்கிற முகம். அவள் காகிதத்தை நீட்டினாள்.

அவர் ஒரு தரம் படித்தார். மரத்துண்டின் மேல் உட்கார்ந்து மறுபடி படித்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு மூன்றாம் தரமும் படித்தார். அழுதுவிடுவார் என்று அவள் நினைத்தாள். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இதுல பேரு இல்லையே," என்றார் தச்சர். "ஏழு பேருன்னுதான் இருக்கு. அந்த ஏழுல அம்மா இருந்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

இயந்திரம் நின்றிருந்ததால் அந்தக் கேள்வி திரையைத் தாண்டிக் கேட்டுவிட்டது. திரை விலகியது. எழுபது தாண்டிய ஒரு பெண்மணி நின்றாள். ஒல்லியான உடம்பு, கையில் பாதி மடித்த ஒரு துணி. முகத்தில் கோபம் இருந்ததா என்று விசாரணையக்காவால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முகத்தையும் பிரித்து வைக்கிற கண்ணுக்கு அந்த முகம் பிடிபடவில்லை.

"மரம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு அங்கதான் போனியா?" என்று மகனைக் கேட்டாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். அவள் விசாரணையக்காவின் பக்கம் திரும்பி, "உட்காரும்மா," என்று முக்காலியைத் தள்ளிவிட்டாள்.

யார், எதற்கு வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. துணியை மடித்துக்கொண்டே, தானாகப் பேசினாள். உள்ளே சரியான குளிர். ஓரத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி இருந்தாள், குழந்தை விடிய விடிய இருமியது. சாக்கு கொடுத்தார்கள். காலையில் பாலத்தை நடந்து தாண்டி அந்தப் பக்கம் வண்டி பிடிக்கச் சொன்னார்கள், மழை விடவில்லை, தலையில் போட்டுக்கொண்டு சாக்கோடு வந்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கப் போக என் வீட்டுக்காரர் விடவில்லை.

"மழை பேஞ்சது, சாக்கு குடுத்தாங்கன்னு சொன்னேன். நல்லா சாக்கு சொல்றேன்னார் உங்கப்பா. வெகுநாள் அதைக் கால்மிதியாப் போட்டிருந்தேன். நீ அதுல கால் துடைச்சுத்தான் வீட்டுக்குள்ள வருவே."

விசாரணையக்கா முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். சாக்கு வரியை அவள் நகலில் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பூட்டிய அலமாரிக்குள் இருக்கிற ஒரு வரி அது. ஏழு சாக்கு கொடுத்ததில் காலையில் ஆறுதான் திரும்பி வந்தது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறது என்று அவள் தச்சரிடம் சொன்னாள்.

தச்சர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்று ஏதோ சொல்ல வந்தார்.

"இப்ப நம்புற," என்றாள் அவள். "சாக்கு சொன்னா நம்புற. நான் சொன்னப்ப ரெண்டு பேரும் நம்பல. உங்கப்பாவாவது ஒரு தடவைதான் போய்க் கேட்டார். நீ எத்தனை நாள்டா போனே?"

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரை ஆடி நின்றது. சாட்சி கொண்டுவந்ததாக நினைத்து வந்த விசாரணையக்கா, இந்த வீட்டில் இன்னொரு தடவை விசாரணை நடத்திவிட்டோம் என்று உணர்ந்தபடி வெயிலில் பேருந்துக்கு நின்றாள்.

பிறகு நடந்ததைத் தச்சர்தான் ஒருநாள் ஜன்னலில் வந்து சொன்னார். இரண்டு வாரம் அம்மா அவரிடம் பேசவில்லை. சோறு போடுவாள், பேச்சு இல்லை. பதினைந்தாம் நாள் ஜங்ஷனில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அவர் கூட வருகிறேன் என்றதற்கு, நான் போகிறேன் என்று சொன்னேன், நாம் போகிறோம் என்று சொல்லவில்லை என்றாளாம். இங்கே வந்து இரண்டு இருபது மாற வேண்டும். அதுவரை மட்டும் வர விட்டாள். சொல்லிவிட்டு அவர் கையைக் காட்டினார். அந்த அம்மாள் பெண்கள் தங்கும் அறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகன் அறைக்கு வெளியே நின்றார். நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

விசாரணையக்கா உள்ளே போய், பார்சல் அறையைத் திறந்து காட்டட்டுமா என்று கேட்டாள். பலகையைக் கழற்றி எழுதக் கொடுத்திருக்கிறேன், அன்றைக்கு ராத்திரி ஏழு பெண்கள் அங்கே தங்கினதை அதில் சேர்க்கப்போகிறேன் என்றும் சொன்னாள். ஸ்டேஷன் மாஸ்டர் அனுமதிக் கடிதம் எதுவும் கேட்காதது அவளுக்கே ஆச்சரியம். இத்தனை நாளில் ஒருவரும் எண்ண வரவில்லை என்ற நிம்மதியில் அவர் எதற்கும் சரி சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்த ரூம்தானே," என்றாள் அந்த அம்மாள். "நீ எழுதணும்னா எழுது. படிக்கவேண்டியவர் போயிட்டார்."

இரண்டு இருபது நாலு நிமிஷம் தாமதமாக வந்தது. அறிவிப்பைச் சொல்லிவிட்டு விசாரணையக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு தனியாக வண்டி ஏறுகிறவள், படியில் கால் வைக்கத் தடுமாறினாள். மகன் கை கொடுத்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணும்மா," என்றார் அவர்.

"பண்ண மாட்டேன்," என்றாள் அவள், உட்கார்ந்து பையை ஓரமாக வைத்துக்கொண்டே. வண்டி நகர்ந்தது.

அவர் அப்போதே ஊருக்குத் திரும்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்காரர் ஒரு டீயைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தார்; ஆறிப்போனதும் அவரே எடுத்துக்கொண்டு வந்தார். ஐந்து மணிக்கு மேல் தச்சர் ஜன்னலுக்கு வந்து, வண்டி ஜங்ஷன் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கேட்டார். விசாரணையக்கா தொலைபேசியில் கேட்டுச் சொன்னாள். ஆறு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவர் நகரவில்லை. இன்னொரு கேள்வி உதடு வரைக்கும் வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அம்மா அங்கே இறங்கினாளா என்கிற கேள்விதான் என்றும் தெரிந்தது. அவள் தொலைபேசியின் மேல் வைத்த கையை எடுக்காமல் காத்திருந்தாள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆறு ஐந்து எந்தப் பிளாட்பாரம் என்று மட்டும் கேட்டார்.

"இரண்டு," என்றாள் அவள்.

அவர் நடைபாலம் ஏறிப் போனார்.